தோல் விஷயமாக

கவுண்டர் மேஜைமேல் உதிர்ந்து கிடந்ததை முதலில் சுவரின் சுண்ணாம்பு என்றுதான் நினைத்தேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் பாங்க் கிளை இருப்பது பழைய கட்டிடம். மழைக்காலம் முடிந்து சுவர் காயும்போது பொருக்குப் பொருக்காக உதிரும். கீபோர்டின் எழுத்துக்களுக்கு நடுவிலும் ஸ்டாம்ப் பாடின் மேலும் வெள்ளையாக ஏதோ கிடந்தது. கைக்குட்டையால் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடியும். அண்ணாந்து பார்த்தேன். நான் உட்காரும் இடத்துக்கு மேலே சுவரே இல்லை. பால்ஸ் ஸீலிங்தான் இருந்தது. உதிர்வது நான்தான் என்பது தெரிவதற்கு அன்று மாலை ஆயிற்று. 2018 டிசம்பர்.

வலது முழங்கையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு. ஓரம் கத்தரித்தது போல் துல்லியம். அதன்மேல் அடுக்கடுக்காக வெள்ளி நிறச் செதில். அரிப்பு அதிகமில்லை. தெருக்கோடி டாக்டரிடம் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தார். 'படைதான். ஈரத் துணி போடாதீங்க' என்று சொல்லிக்கொண்டே ஒரு களிம்பின் பெயரை எழுதினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நானும் ஒரு நிமிஷத்துக்கு மேல் எதிர்பார்த்துப் போகவில்லை என்பதைச் சொல்லவேண்டும். வியாதிக்குப் பெயர் கிடைத்த திருப்தியோடு மருந்துக் கடைக்குப் போனேன்.

அந்தக் களிம்பு மூன்று மருந்துகளை ஒன்றாகக் குழைத்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, இரண்டோடும் வீரியமான ஒரு ஸ்டீராய்டு. எது இருந்தாலும் அதற்கு ஒன்று உள்ளே இருக்கும். ஆகவே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டியதில்லை. வந்தது உண்மையில் படையாக இருந்தால் ஸ்டீராய்டு அதன் முகத்தை மாற்றி உள்ளுக்குள் பரவவிடும். எனக்கு இருந்ததோ பூஞ்சையும் இல்லை, கிருமியும் இல்லை. ஸ்டீராய்டு சிவப்பை ஒரு வாரத்தில் அமர்த்தியது. நிறுத்திய பத்தாம் நாள் முழங்கையில் வந்தது. பிறகு முழங்காலில், காதுக்குப் பின்னால், முதுகில். மறுபடியும் களிம்பு. இப்படி ஒரு வருஷத்துக்கு மேல்.

இதற்குள் நோய்க்கு என்னிடம் ஒரு போக்கு ஏற்பட்டிருந்தது. பெல்ட் உராயும் இடத்தில் ஒரு பட்டை. பஸ்ஸில் தகரம் கீறிய இடத்தில், கீறல் ஆறிய பிறகு, அதே நீளத்தில் ஒரு சிவப்புக் கோடு. காயத்தின் வடிவத்தை நோய் அப்படியே பிரதி எடுத்தது. ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1872-லேயே இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். இன்றும் அவர் பெயரால்தான் இது வழங்குகிறது. இந்த நோயை அடையாளம் காண உதவும் விஷயங்களில் இது ஒன்று. என் முதுகைத் திருப்பிப் பார்த்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்கலாம்.

2020 வந்தது. ஊரடங்கிலும் பாங்க் திறந்திருந்தது. கண்ணாடித் தடுப்பு, முகக் கவசம், கையுறை. பணத்தை நீட்டுகிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒருவர் விரலை ஒருவர் தொடாமலிருக்கப் பழகிக்கொண்டார்கள். ஓயாமல் கை கழுவியதில் என் உள்ளங்கை வெடித்தது. என்றாலும், வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த வருஷம் நான் நிம்மதியாக இருந்தேன். எல்லோரும் எல்லோரிடமிருந்தும் விலகி நின்றதில் என்னிடமிருந்து விலகியவர்கள் தனியாகத் தெரியவில்லை. ஊருக்கே வந்த ஆபத்தில் ஒருவனுக்கு இப்படியும் ஒரு சௌகரியம் கிடைக்கமுடியும்.

தடுப்புகளை எடுத்த பிறகு மறுபடியும் தெரிய ஆரம்பித்தது. பென்ஷன் வாங்க வரும் கிழவி ஒருத்திக்குக் கையெழுத்து வராது. கட்டை விரலைப் பிடித்து மையில் ஒற்றிக் காகிதத்தில் உருட்டவேண்டும். ஒரு நாள் கையை நீட்டியவள் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத் தானே ஒற்றிக்கொள்வதாகச் சொன்னாள். ரேகை இரண்டு தடவை கலைந்தது. அதட்டலாகவோ அருவருப்பாகவோ அவள் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மானேஜர் கூப்பிட்டார். 'உங்களுக்கும் சிரமம் இல்லாம இருக்கும் சார், உள்ளே லோன் பைலைப் பாருங்க.' நல்ல மனுஷர். அந்த நல்ல மனத்தை எதிர்த்துச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. பின்னறையில், பீரோக்களுக்கு நடுவே, முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்தேன்.

இந்தக் காலத்தில்தான் யாரோ சொல்லி, பக்கத்து மாவட்டத்தில் ஒருவரிடம் பொடி வாங்கிச் சாப்பிட்டேன். சாம்பல் நிறம், பொட்டலத்துக்கு இருநூறு ரூபாய். பதினைந்து நாளில் தோல் குழந்தைத் தோல் மாதிரி ஆயிற்று. அம்மா வைத்தீஸ்வரன் கோவிலுக்கு வெல்லம் வாங்கிக் கரைத்துவிட்டு வந்தாள். நான்கு மாதம் சாப்பிட்டேன். பிறகு ஒரு முறை போனபோது அவர் வீடு பூட்டியிருந்தது. பொடி நின்ற பத்து நாளுக்குள் உடம்பு முழுக்கச் சிவந்தது. முகம், கண்ணிமை, பாதம், எதுவும் பாக்கியில்லை. 2022 மே மாதம்; ஊர் வெயிலில் வெந்துகொண்டிருக்க, நான் இரண்டு கம்பளிக்குள் நடுங்கினேன். உடம்புச் சூட்டையும் ஈரத்தையும் உள்ளே நிறுத்தி வைப்பது தோல்தான் என்பதை அது வேலைநிறுத்தம் செய்தபோது தெரிந்துகொண்டேன். படுக்கையைத் தட்டினால் ஒரு கைப்பிடி செதில். என் மனைவி அதை முறத்தில் வாரிக்கொண்டுபோய்க் கொட்டினாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் சேர்த்தார்கள். அங்கே இருந்த டாக்டர் அம்மாளுக்கு என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். முதலில் உட்காரவைத்துக் கேட்டார். எப்போது, எங்கே முதலில், என்ன போட்டாய், எப்போது நிறுத்தினாய், மூட்டு வலிக்கிறதா, காலையில் விரல் மடங்குகிறதா, தொண்டைப் புண் வந்ததா, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்டா, வீட்டில் யாருக்காவது. பிறகு நகங்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தையல் விரற்பூணில் இருப்பது போல் என் நகங்களில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. முப்பத்தைந்து வருஷமாக என்னோடு இருக்கும் நகங்கள். நான் பார்த்ததில்லை. பொடியைப் பற்றிச் சொன்னேன். 'இவ்வளவு சீக்கிரம் மறைஞ்சு, நிறுத்தினதும் இப்படி வந்திருக்குன்னா ஸ்டீராய்டு மாத்திரையை அரைச்சுக் கலந்திருக்கணும். சோதிச்சுப் பார்க்காம உறுதியாச் சொல்லமாட்டேன்' என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்கு அவர்மேல் நம்பிக்கை விழுந்தது.

சிவப்பு தணிந்து, பழையபடி தனித்தனித் திட்டுகளாகப் பிரிந்த பிறகு, ஒரு நாள் மாணவர்களை வைத்துக்கொண்டு கண்ணாடிச் சில்லின் ஓரத்தால் என் முழங்காலைச் சுரண்டிக் காட்டினார். முதலில் மெழுகுவர்த்தியைச் சுரண்டினால் வருவது போலத் தூளாக வந்தது. இன்னும் சுரண்ட, மெல்லிய ஈரச் சவ்வு ஒன்று. அதையும் எடுத்தபோது குண்டூசி முனைகளாக ரத்தப் புள்ளிகள். வியன்னாவில் இருந்த ஹைன்ரிஷ் ஆஸ்பிட்ஸ் பெயரைச் சொல்லும் அடையாளம் இது. இந்த அடையாளம் எல்லா நோயாளிகளிடமும் தெரிவதில்லை, வேறு சில நோய்களிலும் வரும், ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள் என்றும் மாணவர்களிடம் சொன்னார். சந்தேகத்துக்கு இடமில்லாமலிருக்க ஒரு சிறு துண்டு தோலை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்.

ரிப்போர்ட் வந்தது. இங்கிலீஷ் பி.ஏ. படித்தது அன்றுதான் உபயோகப்பட்டது. மேல்தோல் தடித்திருக்கிறது, உதிரவேண்டிய கடைசி அடுக்கில்கூட செல்களுக்குள் உட்கரு இருக்கிறது, அதாவது முதிர்வதற்குள் மேலே தள்ளப்பட்டுவிட்டன. அடியிலிருந்து கிளம்பிய செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகவேண்டும். சோரியாஸிஸில் அது நான்கைந்து நாளில் வந்துவிடுகிறது. உடம்பைக் காக்கவேண்டிய அணுக்கள் இல்லாத எதிரியைக் கண்டு கிளப்பும் அலாரத்தினால் இந்த அவசரம். இவ்வளவையும் விவரித்துவிட்டு ரிப்போர்ட் கடைசியில், இவை சோரியாஸிஸுடன் ஒத்துப்போகின்றன என்று முடிந்தது. இது சோரியாஸிஸ் என்று எழுதவில்லை. ஒத்துப்போகின்றன. தோலை நுண்ணோக்கியில் பார்த்தவர் இந்த அளவுக்குத்தான் சொல்லத் துணிகிறார்.

நான் விமர்சகன். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நூற்றுச் சொச்சம் பேருக்கு என் நடை தெரியும். ஒத்துப்போகிறது என்று எங்காவது எழுதியிருக்கிறேனா என்று பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. தேடப்போன இடத்தில் வேறொன்று அகப்பட்டது. 2016-ல் ஒரு கவிஞரின் முதல் தொகுப்புக்கு எழுதிய மதிப்புரை. அவருடைய சொற்களில் வெண்குஷ்டம் படர்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியம் எழுதியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் ஞாபகம் இருக்கிறது. நண்பர்கள் இருவர் அதைப் பாராட்டிப் பேசினார்கள். அடுத்த வருஷம் ஒரு கூட்டத்தில் அந்தக் கவிஞரைப் பார்த்தேன். டீ டம்ளரை வாங்க நீட்டிய கையின் விரல்கள் வெள்ளையாக இருந்தன. உதட்டோரமும். என்னிடம் மயிலாடுதுறைக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அன்று இதைப் பெரிதாக நினைக்கவில்லை. தற்செயல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தற்செயல்தான். ஆனால் அந்தத் தொகுப்பை எத்தனை முறை படித்துவிட்டு அந்த வாக்கியத்தை எழுதினேன் என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் யோசித்தபோது பதில் கஷ்டமாக இருந்தது. மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன்.

படிமத்துக்காக நோயை எடுத்துக்கொள்வதைப் பற்றி சூசன் ஸாண்டாக் 1978-ல் ஒரு புத்தகமே எழுதினார். க்ஷயத்தையும் புற்றுநோயையும் பற்றியது. நம் இடத்தில் அது தோலில்தான் நடந்தது. 1954-ல் வந்த 'ரத்தக் கண்ணீர்' படத்தில் எம். ஆர். ராதாவின் பாத்திரத்துக்குப் பாவத்தின் சம்பளம் குஷ்டமாக வருகிறது. என் அம்மா அந்தப் படத்தைப் பார்த்தவள். என் முழங்கையைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது, 'என்னடா செஞ்சே?' ஐரோப்பாவிலும் கதை வேறல்ல. கிரேக்கத்தில் செதில் என்ற பொருள் கொண்ட சொல்லையே குஷ்டத்துக்கும் இதற்கும் பொதுவாக நூற்றாண்டுகள் வைத்திருந்தார்கள். லண்டனில் இருந்த ராபர்ட் வில்லன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நோயைத் துல்லியமாக விவரித்தும்கூட பெயர்க் குழப்பம் தீரவில்லை. 1841-ல் வியன்னாவில் பெர்டினண்ட் ஹெப்ரா இது வேறு, குஷ்டம் வேறு என்று பிரித்தார். அதுவரை செதில் உதிர்ந்த எத்தனை பேர் குஷ்டரோகிகளாக ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டார்களோ. குஷ்டரோகியை நிறுத்தியது மட்டும் நியாயமா என்ற கேள்வி அப்போதும் பாக்கி இருக்கிறது. அது தொற்றாது, என்னைத் தொடுங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம், தொற்றுகிற நோய் உள்ளவனைத் தள்ளி நிறுத்துவதற்கு நானும் ஒப்புக்கொள்கிறேன்.

சிகிச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீராது, அடங்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். வாஸலின், ஸாலிஸிலிக் களிம்பு, தலைக்குத் தார் எண்ணெய். அமெரிக்காவில் கெக்கர்மன் என்பவர் 1925-ல் நிலக்கரித் தாரையும் புற ஊதா ஒளியையும் சேர்த்துச் செய்த வைத்தியத்தின் மிச்சம் இது. ரோடு போடுகிற இடத்தின் வாடையோடு தூங்கினேன். வாரத்தில் மூன்று நாள், குழாய் விளக்குகள் நிறைந்த பெட்டிக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, 311 நானோமீட்டர் ஒளியில் சில நிமிஷம் நிற்கவேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் மெதோட்ரெக்ஸேட். ஒரே ஒரு நாள். தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. நான் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டேன். காலண்டரில் வட்டம் போட்டு, விழுங்கிய பிறகு குமாஸ்தா வழக்கப்படி டிக் அடிப்பேன். மற்ற நாளில் போலிக் ஆசிட். குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தமும் ஈரலும் சோதனை. மது கூடாது. இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மருந்தை நிறுத்தவேண்டும். அந்தப் பேச்சை நானும் மனைவியும் இரண்டு முறை ஆரம்பித்து இரண்டு முறையும் வேறு விஷயத்துக்குப் போய்விட்டோம்.

இந்த மாத்திரையின் பூர்வோத்தரம் சென்னையோடு சம்பந்தப்பட்டது. பீமவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியது ஆசிரியருக்குப் பிடிக்காமல் போய், முழுப் பட்டத்துக்குப் பதில் குறைந்த சான்றிதழோடு வெளியே வந்தார். அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு, போலிக் ஆசிட்டைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைக் கெடுக்கும் பொருள்களை உருவாக்கியது. வேகமாகப் பெருகும் செல்கள் அதனால் பட்டினி கிடக்கும். 1948-ல் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு சிட்னி பார்பர் அவற்றில் ஒன்றைக் கொடுத்தார். அதே வருஷம் சுப்பாராவ் இறந்துபோனார். 1951-ல் மூட்டு நோய்க்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் சோரியாஸிஸும் மறைவதைக் கவனித்தார்கள். அதன் சகோதர மருந்துதான் நான் விழுங்குவது. கல்லூரியில் யாரும் சரியாகப் பார்க்காத ஒருவர் என்ற எண்ணம் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வரும்.

இப்போது இன்டர்லூகின் 17, 23 என்று அலாரத்தின் குறிப்பிட்ட கம்பியை மட்டும் வெட்டும் ஊசிகள் வந்திருக்கின்றன. பலருக்குத் தோல் முழுவதும் தெளிந்துவிடுகிறதாம். என் சம்பளத்துக்கு அது தூரம். அம்மா அவள் பங்குக்கு வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு மாடியில் வெயிலில் வைத்தாள். எண்ணெய் கருநீலமாக மாறியது. சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்று இதற்குப் பெயரும், இந்த எண்ணெயும் உண்டு. டாக்டரிடம் பயந்துகொண்டே கேட்டேன். 'பூசிக்கலாம். அரிப்பு எரிச்சல் வந்தா நிறுத்திடுங்க. மாத்திரையை மட்டும் நீங்களா விடாதீங்க' என்றார். என் பனியன்கள் எல்லாம் ஊதா நிறம்.

நண்பர் ஒருவர் ஜான் அப்டைக் எழுதியதைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆறு வயதிலிருந்து இந்த நோயோடு இருந்தவர். 1985-ல் தன் தோலைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தான் எழுத்தாளனானதற்கும் கடற்கரை ஊருக்குக் குடிபோனதற்கும் நோயே காரணம் என்பது அதன் போக்கு. 1976-ல் எழுதிய கதையில் இன்னும் ஒரு படி போகிறார். நோயாளியான குயவன் ஒருவன் ஒளிச் சிகிச்சையில் தோல் தெளியத் தெளியத் தன் கலையை இழக்கிறான். அற்புதமான எழுத்து, எனக்கு ஒப்புதல் இல்லை. நம்மிடையே இந்த நம்பிக்கை வெகுநாளாக இருக்கிறது. கலைஞன் என்றால் அவனுக்கு ஒரு புண் வேண்டும், ஆறினால் கலை போய்விடும். ஆறாத புண்ணோடு நண்பர்கள் சிலர் செத்துப்போனதற்கு நாம் கைதட்டியிருக்கிறோம். என் நோய் எனக்கு எதுவும் தரவில்லை. நான்கு வருஷம் எடுத்துக்கொண்டது. அந்த நான்கு வருஷத்தில் என் பெண் மூன்று வயதிலிருந்து ஏழு வயதுக்கு வந்தாள். அவளைத் தூக்கியது எத்தனை முறை என்று விரல் விட்டு எண்ணலாம். அவளுக்கு வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். வரலாம், வராமலிருக்கிற குழந்தைகள்தான் அதிகம் என்றார். இதிலிருந்து எந்தத் தரிசனத்தையும் என்னால் எடுக்க முடியவில்லை.

சீக்காளியைப் புள்ளி போட்டு அளக்க 1978 முதல் ஒரு கணக்கு இருக்கிறது. சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் தனித்தனி மார்க். தலைக்குப் பத்து, கைகளுக்கு இருபது, உடலுக்கு முப்பது, கால்களுக்கு நாற்பது சதவிகிதம். கூட்டினால் உச்சம் 72. எனக்கு 24-ல் ஆரம்பித்து இப்போது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கிறது. முதலில் வந்த அந்த வலது முழங்கைத் திட்டு மட்டும் போகவில்லை. கவுண்டருக்குத் திரும்பிவிட்டேன். அந்தக் கிழவி வருகிறாள். விரலைப் பிடித்து உருட்டுகிறேன். அவளுக்குப் பழசு ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை. மூன்று மாதப் பாக்கி ஏறியதா என்றுதான் கேட்டாள்.

சென்ற மாதம் தபாலில் ஒரு கவிதைத் தொகுப்பு வந்தது. அந்தக் கவிஞரின் இரண்டாவது. உள்ளே மதிப்புரைக்காக என்று பதிப்பாளர் கையெழுத்து. அவர் தானாக அனுப்பினாரா, பதிப்பாளர் வழக்கப்படி அனுப்பினாரா, தெரியாது. மூன்று முறை படித்துவிட்டேன். சில கவிதைகள் முதல் தொகுப்பை விட நன்றாக இருக்கின்றன. அல்லது முதல் தொகுப்பை நான் படிக்கவில்லை. அதைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். அதைப் படித்து முடிக்காமல் மதிப்புரை எழுதுவதாக இல்லை. அடுத்த இதழுக்கு வராது என்று ஆசிரியருக்குச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார். இந்தக் கட்டுரை அதற்குப் பதிலாக.